தலைமாட்டில் இரண்டு செங்கல்

சில வீடுகளில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கு மட்டும் அடியில் செங்கலோ மரக்கட்டையோ கொடுத்திருப்பார்கள். கால்மாடு தரையோடு இருக்கும். தலைமாடு 15 முதல் 20 செ.மீ. வரை உயர்ந்து நிற்கும். அந்தக் கட்டிலில் படுக்கிற பிள்ளையின் இரைப்பையில் உள்ள அமிலம் ராத்திரியில் தொண்டைக்கு ஏறக் கூடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு அது.

அமிலம் மேலே ஏறுவதை எதுக்களிப்பு என்கிறோம். நம் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு குனிந்து ஷூ லேஸ் கட்டினால், புளிச்ச தண்ணீர் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பெரியவர்கள் 'அசிடிட்டி' என்று சொல்லி, கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். ஆனால் சில பிள்ளைகளுக்கு இது தினமும் படுகிற அவஸ்தை. அவர்களில் ஒரு சாராருக்குக் கோளாறு தொடங்குவது வயிற்றில் இல்லை, உடம்பு முழுக்க விரவியிருக்கும் இணைப்புத்திசுவில். அது எப்படி என்று பார்ப்போம். அதற்கு முன்னால் அந்த அமிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரைப்பையில் அமிலம் இருக்கிறது என்பது இன்றைக்குப் பள்ளிப் பாடம். 200 ஆண்டுகளுக்கு முன்னால் அது பெரிய வாக்குவாதம். சாப்பாடு வயிற்றுக்குள் அரைபடுகிறது என்றார்கள் சிலர், அழுகுகிறது என்றார்கள் சிலர், உடம்புச் சூட்டில் வேகிறது என்றார்கள் இன்னும் சிலர். உள்ளே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

1822 ஜூன் 6ஆம் தேதி, அமெரிக்காவில் மாக்கினாக் என்ற தீவில் ஒரு விபத்து நடந்தது. விலங்குத் தோல் வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் கை தவறி ஒரு துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் நின்ற அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற படகுத் தொழிலாளியின் இடது விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. ஓடி வந்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், ஆள் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார். பிழைத்துவிட்டார். காயம் ஆறியது, ஆனால் ஓட்டை மட்டும் மூடவே இல்லை. இரைப்பையின் சுவர் வெளித்தோலோடு ஒட்டிக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே பார்க்கும்படி ஒரு துளை நிலைத்துப் போனது.

போமான்ட் அந்தத் துளை வழியாகச் சோதனைகள் செய்யத் தொடங்கினார். 1825 ஆகஸ்ட் 1ஆம் தேதி நண்பகலில், பட்டு நூலில் இறைச்சித் துண்டுகள், பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று வரிசையாகக் கட்டி உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து நூலை இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி போட்டபடியே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து இழுத்தபோது ரொட்டியும் கோசும் நூலில் இல்லவே இல்லை. இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டார். குப்பிக்குள்ளும் இறைச்சி கரைந்தது. சாப்பாட்டைக் கரைப்பது ஒரு நீர் என்பது அப்படித்தான் உறுதியானது. அந்த நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இங்கிலாந்தில் வில்லியம் பிரௌட் 1824இலேயே சொல்லியிருந்தார். போமான்டின் புத்தகம் 1833இல் வெளிவந்தது.

நூலை இழுத்தபோதெல்லாம் சென்ட் மார்ட்டினுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், பிழைப்புக்காக மருத்துவரிடமே வேலைக்காரராகவும் இருந்தவர். அலுத்துப்போய் கனடாவில் இருந்த தன் ஊருக்குப் போய்விட்டதும் உண்டு. வயிற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. போமான்டின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இரைப்பை அமிலம் எவ்வளவு காட்டமானது? அமிலத்தை அளக்க டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் பிஹெச் என்ற அளவுகோலைத் தந்தார். நல்ல தண்ணீர் 7. எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்து மடங்கு! எலுமிச்சைச் சாறு 2க்கும் சற்று மேலே இருக்கிறது. இரைப்பை நீர் 1.5 முதல் 3.5 வரை. உணவுக்குழாயின் உட்புறம் ஏறத்தாழ 7. பிஹெச் 2 உள்ள நீர் அங்கே ஏறினால், அந்தக் குழாய் பழகியிருப்பதைவிட லட்சம் மடங்கு காட்டமான ஒன்றைத் தொடுகிறது என்று அர்த்தம்.

வீட்டில் செம்பருத்தி இருந்தால் இதை நிறத்திலேயே பார்க்கலாம். நாலைந்து செம்பருத்தி இதழ்களை, பெரியவர் ஒருவரின் துணையோடு, வெந்நீரில் ஊறப்போட்டு வடிகட்டுங்கள். அந்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். இன்னொரு தம்ளரில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அதைச் சிவந்த நீரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரைக்கும், சிவப்பு மங்கும், சோடா அதிகமானால் பச்சையாகக்கூட மாறும். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். நம் எச்சிலிலும் பைகார்பனேட் இருக்கிறது. எதுக்களித்து மேலே வரும் அமிலத்தை எச்சில் இப்படித்தான் தணிக்கிறது. இந்தச் சோதனையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அமிலம் நமக்கு எதிரி இல்லை. உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது அதுதான். புரதத்தைச் செரிக்க வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப் படலம் இருப்பதாலும், சுவரின் மேலணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாவதாலும் இரைப்பை தன்னையே கரைத்துக்கொள்வதில்லை. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் மருந்து, ஓர் அங்குலம் மேலே வந்தால் புண்.

இருக்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி வைப்பது எது?

ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விரலைக் குரல்வளை மேல் வைத்தபடி விழுங்குங்கள். குரல்வளை சட்டென்று மேலேறி இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது, தண்ணீர் பின்பக்கக் குழாயில் இறங்குகிறது. அதுவரைதான் உங்கள் வசம். அதற்கு மேல் நீங்கள் நினைத்தாலும் நிறுத்த முடியாது. விழுங்கிய கவளத்துக்குப் பின்னால் குழாய் சுருங்கும், முன்னால் விரியும். இந்தச் சுருக்கம் ஓர் அலையாக நொடிக்கு மூன்று நான்கு செ.மீ. வேகத்தில் கீழே இறங்கும். பெரியவர்களின் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். அலை அடிவரை போய்ச் சேர எட்டுப் பத்து நொடி ஆகும். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்கள் சாப்பிட முடிவது இந்த அலையால்தான்.

குழாயின் அடியில், இரைப்பைக்குள் நுழையும் இடத்தில், ஒரு சுருக்குத்தசை வளையம் இருக்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாய் மாதிரி எப்போதும் இறுக்கி மூடியே இருக்கும். விழுங்கினால் தளர்ந்து வழிவிடும், அலை கடந்ததும் மறுபடி இறுகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அதே இடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கூடுதல் காவல் செய்கிறது.

கைக்குழந்தைகளுக்கு இந்த வளையம் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. சாப்பாடு முழுக்கப் பால், நாள் முழுக்கப் படுக்கை. அதனால்தான் தம்பிப் பாப்பா குடித்த பாலைத் தோளிலேயே கக்குகிறான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது தானாக நின்றுவிடும். கைக்குழந்தையின் தொட்டிலையோ படுக்கையையோ மட்டும் தலைமாடு உயர்த்தி வைக்கக் கூடாது. கைக்குழந்தைகள் சமதளத்தில், மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

வளையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எப்போதாவது கொஞ்சம் அமிலம் ஏறத்தான் செய்யும். ஏறியதும் துப்புரவு வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஓர் அலை வந்து நீரைக் கீழே தள்ளுகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை, விழுங்கும் எச்சில் தணிக்கிறது. செம்பருத்தி நீரில் சோடா செய்த வேலை இதுதான். தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் அபூர்வம். ஆகவே ராத்திரியில் ஏறும் அமிலம் நெடுநேரம் அங்கேயே தங்கும்.

இனி இணைப்புத்திசு. தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய், குடல் என்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் தாங்கி, கட்டி, இணைத்து வைப்பது இது. அதன் முக்கியமான பொருள் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் வடிவம். நம் உடம்பின் மொத்தப் புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். இப்படி உடம்பெங்கும் இருப்பதால், இதில் கோளாறு வந்தால் எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. விரலில் வரலாம், கண்ணில் வரலாம், நுரையீரலில் வரலாம், உணவுக்குழாயிலும் வரலாம்.

இந்த நோய்களில் இரண்டு வகை. ஒன்று பிறவியிலேயே வருவது. எலர்ஸ்-டான்லோஸ் நோயில் இணைப்புத்திசு உறுதி குறைந்து இருக்கும். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், சில வகைகளில் தோல் இழுத்த இழுப்புக்கு வரும். இதிலேயே 13 வகைகளை 2017இல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உண்டு. சிலருக்கு உதரவிதானத்தின் பிடி தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதியே கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறிவிடும்.

இன்னொரு வகையில், கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குகிறது. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஸ்கிளீரோடெர்மா. பிள்ளைகளுக்கு இது வந்தால் பெரும்பாலும் தோலில் ஒரு திட்டாகவோ ஒரு பட்டையாகவோ நின்றுவிடும். உள்ளுறுப்புகள் வரை போகும் வகை மிக அரிது, பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு வந்தாலே அதிகம். தொட்டால் ஒட்டாது, கூடச் சாப்பிட்டால் ஒட்டாது.

முதல் அறிகுறி பெரும்பாலும் விரல்களில் தெரியும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுக்கும், பிறகு நீலமாகும், சூடு வந்ததும் சிவக்கும். இதை 1862இல் விவரித்தவர் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர். (விரல் வெளுக்கிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு வேறு எதுவும் இருக்காது.) பிறகு கொலாஜன் அளவுக்கு மீறி உண்டாகி, விரல்களின் தோல் தடித்து இறுகும்.

இங்கே ஒரு விசித்திரம். எல்லாவற்றையும் இறுக்குகிற நோய், உணவுக்குழாயின் அடி வளையத்தை மட்டும் தளர்த்திவிடுகிறது! ஏன்? அந்த வளையம் மூடியிருப்பது தசை சுருங்குவதால். நோய் முற்றும்போது அங்கே தசை நலிந்து, அந்த இடத்தில் வெறும் நார் வந்து நிரம்புகிறது. நாருக்கு விறைப்பு இருக்கிறது, சுருங்கத் தெரியாது. வாசல் திறந்தபடி நின்றுவிடும்.

அலைக்கும் அதே கதி. உணவுக்குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருப்பது கைகால்களில் உள்ளதைப் போன்ற வரித்தசை. அதற்குக் கீழே இருப்பது மென்தசை. ஸ்கிளீரோடெர்மா மென்தசையைத்தான் நலிய வைக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை விழுங்கும்போது அலை ஒழுங்காகக் கிளம்பும், பாதி வழியில் ஓய்ந்துவிடும். பேரியம் என்ற வெள்ளைக் குழம்பைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தால் இது கண்ணுக்குத் தெரியும். நின்றுகொண்டு குடித்தால் குழம்பு சரசரவென்று இறங்கிவிடும். படுத்துக் குடித்தால் குழாயிலேயே தேங்கி நிற்கும். நிற்கும்போது அதை இறக்கியது புவியீர்ப்பு விசை. செங்கல் வைத்த கட்டிலின் ரகசியமும் அதே புவியீர்ப்புதான். அலை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைச் சரிவு செய்து கொடுக்கிறது.

தலையணையை அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு அழுந்தி, அமிலம் இன்னும் ஏறும். நெஞ்சிலிருந்து தலை வரை முழுதும் சாய்வாக உயர வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், ஏனென்றால் அப்போது இரைப்பையில் தேங்கும் நீர் வாசலுக்குக் கீழ்மட்டத்தில் நிற்கும்.

இதே குடும்பத்தில் டெர்மடோமயோசைடிஸ் என்ற நோய் தொண்டையின் வரித்தசைகளைப் பிடிக்கக்கூடியது. அங்கே விழுங்கத் தொடங்குவதே சிரமம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரலாம், குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறலாம். ஒரே குழாய்தான், ஒரு நோய்க்கு மேல்பாதி, இன்னொரு நோய்க்குக் கீழ்ப்பாதி.

சின்னப் பிள்ளைகளுக்கு "நெஞ்செரிகிறது" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்பார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், ராத்திரியில் இருமுவார்கள், காலையில் குரல் கம்மியிருக்கும். பல் மருத்துவர்தான் சில சமயம் முதலில் கண்டுபிடிப்பார், அமிலம் பட்டு மேல்பற்களின் உட்பக்க எனாமல் தேய்ந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் உணவுக்குழாயில் புண்ணாகி, தழும்பு விழுந்து, குழாய் குறுகலாம். ஏறிய நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலுக்கும் கேடு.

எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க, மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உணவுக்குழாய்க்குள் விட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார்கள். அதன் நுனியில் பிஹெச் உணரி இருக்கும், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி பதிவு செய்யும். பிஹெச் 4க்குக் கீழே இறங்கினால் அமிலம் ஏறியது என்று கணக்கு. அந்த 24 மணி நேரமும் பிள்ளை வழக்கம்போல் சாப்பிட்டு, நடந்து, தூங்க வேண்டும். மூக்கில் குழாயோடு அப்படி இருப்பது லேசான காரியம் இல்லை, தைரியம் வேண்டும்.

மருந்துகளில் முக்கியமானவை ஒமிப்ரசோல் வகையைச் சேர்ந்தவை. இரைப்பைச் சுவரின் அணுக்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உண்டு. 1988இல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோல், அந்தப் பம்புகளை நிறுத்துகிறது. சாப்பாடு வரும்போதுதான் அவை வேலையில் இறங்கும் என்பதால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஆனால் இந்த மருந்து வாசலை மூடாது. ஏறுவது ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏறுகிற நீரின் காட்டம் குறையும், அவ்வளவே. ஆகவே மாத்திரை போட்டாலும் சரிவான படுக்கை வேண்டும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும். வீட்டு அலமாரியில் அப்பாவின் 'கேஸ் மாத்திரை' இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அளவு வேறு, தேவையும் வேறு.

மருத்துவருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. விரல் வெளுப்புக்கு நிபெடிபின் என்ற மருந்து கொடுப்பார்கள். அது ரத்தக்குழாய்களின் மென்தசையைத் தளர்த்தி விரலுக்கு ரத்தம் பாய வைக்கும். உணவுக்குழாயின் வளையமும் மென்தசைதான், அதையும் சேர்த்துத் தளர்த்திவிடும். விரல் சூடாகிறது, நெஞ்சு எரிகிறது! அறுவை சிகிச்சையிலும் இதே இக்கட்டு. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி இழுத்துத் தைத்து வாசலை இறுக்கும் முறையை ருடால்ஃப் நிசன் 1956இல் வெளியிட்டார். மற்றவர்களுக்கு நன்றாக உதவும் அந்த முறை, அலை ஓய்ந்துபோன ஸ்கிளீரோடெர்மா பிள்ளைக்குச் சிக்கலாகலாம். தள்ளிவிட ஆளில்லாத குழாயின் அடியை இறுக்கினால் சாப்பாடு நடுவில் சிக்கும். அதனால்தான் குழந்தைகளுக்கான மூட்டுவாத மருத்துவரும் இரைப்பை-குடல் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள்.

பால் க்ளே என்ற ஓவியரின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 1935இல் நோயில் விழுந்த அவருக்கு இருந்தது ஸ்கிளீரோடெர்மா என்று பின்னால் வந்த மருத்துவர்கள் கருதுகிறார்கள். கெட்டியான உணவு எதுவும் இறங்கவில்லை, திரவ உணவிலேயே காலம் தள்ளினார். மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தார். அப்படி இருந்தும் 1939 ஒரே ஆண்டில் 1200க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்து முடித்தார், அடுத்த ஆண்டு இறந்துபோனார். ஒமிப்ரசோல் வர அப்போது இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த மருந்தும் இருக்கிறது, நோயையே அடக்க முயலும் வேறு மருந்துகளும் இருக்கின்றன.

ஆனால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விஷயம் மருந்துக் கடையில் கிடைக்காது. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், டப்பாவில் கொஞ்சமாகத்தான் சாப்பாடு இருக்கும், இடைவேளையில் மறுபடி ஒரு சின்ன டப்பா திறக்கும். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர். மணி அடித்த பிறகும் டப்பாவில் நாலு வாய் மிச்சம் இருக்கும். "சீக்கிரம் சாப்பிடுடா" என்றால் அலை வேகமாக வந்துவிடாது. பாட நேரத்தில் தண்ணீர் குடிக்க ஆசிரியர் அனுமதித்தாலே பெரிய உதவி. மதியச் சாப்பாட்டை ஒட்டி விளையாட்டு வகுப்பு வந்தால், குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி அந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று பி.டி. சாரிடம் யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நிமிர்ந்து மெதுவாக நடக்கலாம், அம்பயராக நிற்கலாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு மருத்துவர் அனுமதிக்கிற விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம்.